செல்ஃப் மக்கர் செய்கிறதா? மோட்டாரில் கைவைக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இப்படி நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் “பேட்டரி போச்சு” என்பார் ஒருவர், “செல்ஃப் மோட்டார் போச்சு” என்பார் இன்னொருவர். இரண்டில் ஒன்றை மாற்றியும் விடுவார்கள். சில வாரம் நன்றாக ஓடும், பிறகு அதே ‘டக்’. பல சமயம் கோளாறு பேட்டரியிலும் இருக்காது, மோட்டாரிலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஏழெட்டு இணைப்புகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். புது பேட்டரி மாட்டும்போது பழைய டெர்மினலைக் கழற்றி மறுபடி முடுக்கினார்கள் பாருங்கள், கொஞ்ச நாள் வண்டி சரியாக ஓடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு செட் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான வேலைகளை நீங்களே செய்யலாம். வரிசை மட்டும் முக்கியம். சுலபமானதிலிருந்து தொடங்குங்கள், மோட்டாரைப் பிரிப்பது கடைசி.

மின்சாரம் போகும் இரண்டு வழிகள்

செல்ஃப் ஸ்டார்ட்டில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று தடித்த வயரின் வழி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலே, அங்கிருந்து மோட்டார். மோட்டாருக்குத் திரும்பி வரும் வயர் தனியாகக் கிடையாது. அதன் உலோக உடலே என்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. என்ஜினிலிருந்து ஒரு தடித்த எர்த் வயர் பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகிறது. மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் முழுக்க இந்த வழியில்தான் ஓடுகிறது.

இன்னொன்று மெல்லிய வயரின் வழி. சாவி, என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், கடைசியாக நீங்கள் அழுத்தும் பொத்தான். எல்லாம் சரியாக இருந்தால் ரிலேயின் காயிலுக்குச் சிறிதளவு மின்சாரம் போகும். காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் செம்புத் தகட்டை இழுத்து, தடித்த வழியின் இரண்டு முனைகளையும் சேர்க்கும். நீங்கள் கேட்கும் ‘டக்’ அந்தத் தகடு போய் ஒட்டும் சத்தம்.

சின்ன என்ஜினின் ஸ்டார்ட்டர்கூடச் சில பத்து ஆம்பியர் இழுக்கும். பெரிய என்ஜின்களில் அது நூறைத் தாண்டும். ஒரு 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஏதோ ஒரு போல்ட் லேசாகத் தளர்ந்து, களிம்பு ஏறி, 0.02 ஓம் தடை உண்டாகிவிட்டது. கேட்க ஒன்றுமே இல்லாத அளவுதான். ஆனால் 60 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 1.2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அந்த ஒரு போல்ட்டில் 72 வாட் வெப்பமாக வீணாகும். 12 வோல்ட் பேட்டரிக்கு 1.2 வோல்ட் என்பது பத்தில் ஒரு பங்கு. இப்படி இரண்டு மூன்று இடம் சேர்ந்தால் மோட்டார் முனகும், சுழலாது. நாலு வழிச் சாலையின் நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் பாலம் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

இந்த 0.02 ஓமை மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் வைத்து அளக்க முடியாது. மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ‘பீப்’ சத்தம் கேட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. தடித்த வயரில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்றுதான் சொல்லும். மோட்டார் சுழல முயலும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். எப்படி அளப்பது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் அதைச் செய்யுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டுடன் மோட்டார் சைக்கிள் 1914-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ‘இந்தியன்’ நிறுவனம் ‘ஹெண்டீ ஸ்பெஷல்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து பேட்டரிகள் தாக்குப்பிடிக்காததால் அது நிலைக்கவில்லை. மோட்டார் மேல் பழி போடும் முன் அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது அன்றைக்கும் பொருந்தியிருக்கும்.

முதலில் காது கொடுங்கள்

கருவியை எடுக்கும் முன் சாவியைப் போட்டு, ஹெட்லைட்டையோ மீட்டர் விளக்கையோ பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள்.

சத்தமே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் மெல்லிய வழியில் எங்கோ துண்டிப்பு. ஸ்விட்ச், ஃபியூஸ், கப்ளர் (வயர்களைக் கோக்கும் பிளாஸ்டிக் இணைப்பு), ரிலே காயில், இவற்றில் ஒன்று.

‘டர்ர்ர்’ என்று விடாமல் படபடத்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ரிலே ஒட்டுகிறது, மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி ஒட்டுகிறது. அந்தச் சுற்றுதான் படபடப்பு.

ஒரே ஒரு ‘டக்’, விளக்கு மங்கவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவில்லை. ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பாகத்தோடு உரசி அதற்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஒரே ‘டக்’கோடு விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் கதை வேறு: பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது பேட்டரி முனையிலேயே மோசமான இணைப்பு.

மோட்டார் ‘விர்ர்’ என்று சுழல்கிறது, என்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை. மோட்டாரையும் என்ஜினையும் கோக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு என்ஜின் பக்க மூடியைத் திறக்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பொத்தானை விட்ட பிறகும் மோட்டார் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிவிட்டன. சாவியை அணைத்தாலும் நிற்காது. உடனே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது. அதனால் பேட்டரி போல்ட்டுக்கு எந்த ஸ்க்ரூடிரைவர் அல்லது ஸ்பேனர் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பொத்தானை அழுத்தினால் கியர் உரசும் சத்தமே இல்லாமல் மெல்ல ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரே தொடக்கத்தில் மோட்டாராக வேலை செய்கிறது. உங்கள் வண்டி அந்த வகை என்றால் கீழே வரும் ரிலே, கார்பன் பிரஷ் பகுதிகளை விட்டுவிடுங்கள். பேட்டரி, டெர்மினல், எர்த், கப்ளர் பற்றியவை அப்படியே பொருந்தும்.

வேலையைத் தொடங்கும் முன்

மோதிரம், உலோகக் காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். வண்டியை நியூட்ரலில் வைத்து, முடிந்தால் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், மின்சார வேலை அப்புறம்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் கழன்றிருந்தால் பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் தவறி ஃபிரேமைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது அதே ஸ்பேனர் தொட்டால் நேரடி ஷார்ட்.

தேவையானவை: பித்தளைக் கம்பி பிரஷ், 400 அல்லது 600 எண் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும்) ஸ்பிரே, சமையல் சோடா, பெட்ரோலியம் ஜெல்லி, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், பழைய பல் பிரஷ், சுத்தமான துணி. மல்டிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி அளக்க முயலாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போகும், சில மலிவு மீட்டர்களில் மீட்டரே போகும். நமக்கு வேண்டியது வோல்ட் அளவு மட்டும்.

பேட்டரி

வண்டியை ஓட்டி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, சாவி அணைந்த நிலையில் அளங்கள். லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் சார்ஜ் குறைந்திருக்கிறது. 12.0-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். பேட்டரி மேல் போட்டிருக்கும் ஆம்பியர்-மணி (Ah) எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஏற்றுவது பாதுகாப்பு. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். லித்தியம் பேட்டரியின் வோல்ட் அளவுகள் வேறு, ஓய்வில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதற்கு அதற்கென்றே உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஓய்வு வோல்ட் நன்றாக இருப்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. மீட்டரின் முனைகளை பேட்டரியின் முனைகள் மேலேயே வைத்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். மோட்டார் சுழலும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.5-க்கும் கீழே சரிந்தால், சார்ஜ் முழுதாக இருந்தும் சரிந்தால், பேட்டரி வயதாகிவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இரண்டில் எது என்பதை நன்றாக இருக்கும் வேறொரு பேட்டரியை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருமுறை ஸ்டார்ட் செய்ய 60 ஆம்பியர், 2 நொடி என்று வைத்தால் மொத்தம் 120 ஆம்பியர்-நொடி. மணிக்கணக்கில் அது 0.033 ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியென்றால் ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி ‘காலி’ ஆவதில்லை. அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடியாமல் போவதுதான் கிழட்டு பேட்டரியின் பிரச்சினை. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்பதற்கு இதுதான் விளக்கம்.

நீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மேல் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஊற்றாதீர்கள்.

டெர்மினல்களைச் சுத்தம் செய்தல்

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ உப்பு பூத்திருந்தால், இரண்டு வயரையும் கழற்றி, ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து, பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். கரைசல் பேட்டரியின் துளைக்குள் போய்விடக் கூடாது. நல்ல நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். வயரின் நுனியில் உள்ள வளையத்தையும் இரு பக்கமும் தேயுங்கள், ஏனென்றால் பேட்டரியைத் தொடும் பக்கம்தான் முக்கியம், அதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

மாட்டி முடுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். முடுக்கும் முன் அல்ல, முடுக்கிய பிறகு. ஜெல்லி மின்சாரத்தைக் கடத்தாது, காற்றையும் ஈரத்தையும் தடுக்கத்தான் அது. முடுக்கும்போது அளவு தேவை. ஈய முனை மென்மையானது, பலம் காட்டினால் போல்ட்டின் மரை போய்விடும். கையால் வயரை அசைத்தால் அசையக் கூடாது, அவ்வளவு போதும்.

அதே கவனம் எர்த் வயரின் மறுமுனைக்கும் வேண்டும். அது என்ஜினிலோ ஃபிரேமிலோ ஒரு போல்ட்டில் இருக்கும். சேறு படும் இடம், யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஃபிரேமுக்கு மறுபடி பெயின்ட் அடித்த வண்டி என்றால் அந்த போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் இருக்கும், பெயின்ட் வழியாக மின்சாரம் போகாது. வளையம் உட்காரும் இடத்தை மட்டும் உலோகம் தெரியச் சுரண்டி, முடுக்கி, மேலே ஜெல்லி தடவிவிடுங்கள்.

சுழலும்போது அளத்தல்

இனி முக்கியமான சோதனை. மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். ஒருவர் பொத்தானை அழுத்தட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடி போதும், நடுவில் பத்து நொடியாவது இடைவெளி விடுங்கள். என்ஜின் சட்டென்று ஸ்டார்ட் ஆகி அளக்க நேரம் தராவிட்டால் மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்து வைக்கும் பொத்தான் உதவும். பிளக் கேப்பைச் சும்மா பிடுங்கிவிட்டுச் சுழற்றாதீர்கள். தீப்பொறி போக வழியில்லாமல் இக்னிஷன் காயில் கெடலாம்.

முதல் அளவு, பாசிட்டிவ் பக்கம். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையில், வயரின் வளையத்தில் அல்ல. கறுப்பு முனை மோட்டாரின் மேல் உள்ள டெர்மினல் போல்ட்டில். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம். பொத்தானை அழுத்தி மோட்டார் சுழலும்போது 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த எண்தான் வழியில் தொலையும் வோல்ட்.

இரண்டாவது, எர்த் பக்கம். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், சிவப்பு முனை மோட்டார் உடலின் பெயின்ட் இல்லாத இடத்தில். சுழலும்போது 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. இதைப் பலர் அளப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் அளக்கச் சொல்வேன், எர்த் பக்கக் கோளாறு கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, ரிலே. அதன் இரண்டு தடித்த முனைகளில் மீட்டரின் இரண்டு முனைகள். ‘டக்’ கேட்டதும் 12-லிருந்து 0.2, 0.3 என்று விழ வேண்டும். ‘டக்’ கேட்டும் 12-லேயே நின்றால் உள்முனைகள் சேரவில்லை.

பாசிட்டிவ் பக்கத்தில் 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள்: பேட்டரியிலிருந்து ரிலே வரை ஒரு அளவு, ரிலேயிலிருந்து மோட்டார் வரை ஒரு அளவு. பிறகு ஈய முனையிலிருந்து வளையம் வரை, வளையத்திலிருந்து வயர் வரை. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எண் பெரிதாகிறதோ அங்கேதான் கோளாறு. வயர் வளையத்துக்குள் நசுக்கிப் பிடிக்கப்பட்ட இடத்தில் உள்ளே களிம்பு ஏறியிருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை, வயரை மாற்ற வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சில முறை சுழற்றிய உடனே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் ஆள். 72 வாட் என்று மேலே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும், அதனால் நிதானமாகத் தொடுங்கள்.

ரிலே

பல வண்டிகளில் ரிலே சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ இருக்கும். மெயின் ஃபியூஸும் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பது உண்டு. அங்குள்ள கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ இளகியோ இருந்தால் அதற்குள் உள்ள இணைப்புத் தகடு சூடாகியிருக்கிறது என்று பொருள். தளர்ந்த தகட்டை மெல்லிய ஊசியால் லேசாக இறுக்கலாம், கருகியதை மாற்றத்தான் வேண்டும்.

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். மோட்டார் சுழன்றால் ரிலேயோ மெல்லிய வழியோ குற்றவாளி, சுழலாவிட்டால் மோட்டார் அல்லது தடித்த வழி. தீப்பொறி நிச்சயம் பறக்கும், பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றும் வேலை செய்யாது, சாவி இல்லாமலே மோட்டார் சுழலும். கியர் விழுந்திருந்தால் வண்டி உங்கள் மேல் பாயும். மீட்டர் கையில் இருக்கும்போது இந்த வித்தை தேவையில்லை.

கருகிய ரிலேயைப் பிரித்துத் தேய்த்து மறுபடி மாட்டுவோர் உண்டு. பலவற்றைப் பிரிக்கவே முடியாது, பிரிக்க முடிந்தாலும் செம்பின் மேல்பூச்சு போன பிறகு சீக்கிரமே மறுபடி கருகும். மாற்றிவிடுவது மேல்.

பொத்தானும் மற்ற ஸ்விட்ச்சுகளும்

சத்தமே வராத வண்டிக்கு முதலில் இவை: கில் ஸ்விட்ச் சரியான பக்கம் இருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா, கிளட்ச் பிடித்தால் மாற்றம் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு முழுதாக மேலே மடங்கியிருக்கிறதா. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் கில் ஸ்விட்ச்சை யாரோ தட்டிவிட்டதால் தள்ளிக்கொண்டு போகப்பட்ட வண்டிகள் ஏராளம். அப்புறம் ஃபியூஸ்.

பொத்தானுக்குள் கான்டாக்ட் கிளீனரை இடுக்கு வழியாக அடித்து, பலமுறை அழுத்தி விடுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகும். இல்லையென்றால் கைப்பிடி ஸ்விட்ச் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே சின்ன ஸ்பிரிங் துள்ளிப் பறக்கும், வெளிர் நிறத் துணியை அடியில் விரித்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தகடுகளில் கறுப்புப் படிந்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தாலே போதும், உப்புத்தாள் இங்கே கரடுமுரடு.

கப்ளர்களைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டை அழுத்திப் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். பச்சை களிம்பு இருந்தால் கிளீனர், பல் பிரஷ், காற்று. மாட்டும் முன் ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் துளி. துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயைக் கான்டாக்ட் கிளீனருக்குப் பதில் அடிப்பவர்கள் அதிகம். அது ஈரத்தை விரட்டும், ஆனால் பின்னால் எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும்.

மோட்டாரைப் பிரிப்பது

மேலே சொன்ன எல்லா அளவும் சரி, மோட்டாரின் முனைக்கு முழு வோல்ட் வருகிறது, ஆனால் அது சுழலவில்லை. இப்போதுதான் மோட்டாரின் முறை. கடைசியாக ஒரு சோதனை: ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்க, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மோட்டாரின் உடலை லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுழன்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து எட்டாமல் நிற்கிறது. சுத்தியல் கூடாது, உள்ளே இருக்கும் காந்தம் விரிசல் விடும்.

1. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மோட்டார் டெர்மினலின் ரப்பர் உறையை விலக்கி நட்டைக் கழற்றும்போது, அடியில் உள்ள நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போல்ட்டே சுற்றி உள்ளிருக்கும் பிரஷ் வயர் அறுந்துவிடும்.

2. மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, இடமும் வலமும் ஆட்டியபடி வெளியே இழுங்கள். நெம்பாதீர்கள், பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் ஓ-ரிங் மட்டும்தான்.

3. பிரிக்கும் முன் மூடிகளுக்கும் உடலுக்கும் குறுக்கே பேனாவால் கோடு போடுங்கள். மாற்றி மாட்டினால் பொருந்தாது, சில மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். இரண்டு நீள ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடிகளை எடுக்கும்போது ஷாஃப்ட்டில் உள்ள மெல்லிய வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று போனில் படம் எடுத்துவிடுங்கள்.

4. ஆர்மேச்சரை (கம்பி சுற்றிய சுழலும் பாகம்) வெளியே எடுங்கள். காந்தம் பிடித்து இழுக்கும், விரல் நசுங்காமல் பாருங்கள். உள்ளே கறுப்பாகக் கார்பன் தூள் இருக்கும், ஊதாமல் பிரஷ்ஷாலும் துணியாலும் எடுங்கள்.

கார்பன் பிரஷ்ஷின் குறைந்தபட்ச நீளம் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் மில்லிமீட்டரில் இருக்கும். கையேடு கிடைக்காவிட்டால், புது பிரஷ்ஷின் பாதி அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். நீளம் இருந்தும் சட்டத்துக்குள் சிக்கி நகராமல் இருப்பது உண்டு. விரலால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் அதைத் துள்ளித் தள்ள வேண்டும்.

அடுத்து கம்யூட்டேட்டர், பிரஷ் உரசும் செம்பு வளையம். சீரான பழுப்பு நிறமாக இருந்தால் அது நல்ல நிறம், பளபளப்பாக்க ஆசைப்படாதீர்கள். கறுப்பாகப் படிந்திருந்தால் என்ன செய்வது என்பதில் கையேடுகளே ஒத்துப்போவதில்லை. யமஹா கையேடுகள் 600 எண் உப்புத்தாளால் சுத்தம் செய்யச் சொல்கின்றன. ஹோண்டா கையேடுகளோ எமரியும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம் என்கின்றன. துணியில் கான்டாக்ட் கிளீனர் நனைத்துத் துடைப்பதில் தொடங்குங்கள், பெரும்பாலும் அதுவே போதும். செம்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள காப்புப் பொருள் செம்பின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் கார்பன் அடைத்திருந்தால் குச்சியால் சுரண்டி எடுங்கள்.

இப்போது மீட்டரின் ‘பீப்’ பயன்படும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே தொடர்பு இருக்க வேண்டும். எந்தப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது, இருந்தால் ஆர்மேச்சர் ஷார்ட். ஆர்மேச்சர் வெளியே இருக்கும்போது டெர்மினல் போல்ட்டுக்கும் மோட்டார் உடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, இருந்தால் அங்கே உள்ள காப்பு வாஷர் உடைந்திருக்கும். ஆர்மேச்சர் ஷார்ட் என்றால் மோட்டாரையே மாற்றுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கில் என்ஜின் ஆயில் தடவி, மோட்டாரும் என்ஜினும் தொடும் முகத்தைப் பெயின்ட், துரு இல்லாமல் துடைத்து உட்கார வையுங்கள். மின்சாரம் திரும்பும் வழி அந்த முகம்தான்.

இனி அடிக்கடி கைவைக்க வேண்டாமென்றால்

பொத்தானை 5 நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். எடுக்கவில்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். என்ஜின் பிடித்ததும் விட்டுவிடுங்கள். வண்டி கழுவும்போது அழுத்தமான நீரை ஸ்விட்ச் பெட்டி, ரிலே, கப்ளர் பக்கம் காட்டாதீர்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.8 வோல்ட் வரை வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அது சார்ஜிங் பக்கக் கோளாறு.

டெர்மினல் சுத்தத்தை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை செய்யலாம். எல்லாம் முடித்த பிறகு அந்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி பேட்டரி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை செல்ஃப் மந்தமாகும்போது எர்த் பக்கம் 0.1 இருந்தது 0.4 ஆகியிருந்தால் ஸ்பேனரை எங்கே வைக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது.